வெல்டிங் கேபிளும் கட்டாய முத்திரையும்: திருச்சிப் பட்டறைகளில் காண்பவை

வெல்டிங் கேபிள் என்பது மின்வில் பற்றவைப்பில் இயந்திரத்திலிருந்து வெல்டரின் கைவரை மின்னோட்டத்தைக் கொண்டுசெல்லும் தடித்த, வளைந்துகொடுக்கும் கேபிள். ஒவ்வோர் இயந்திரத்திலிருந்தும் இரண்டு புறப்படும். ஒன்று ராடை, அதாவது மின்முனைக் குச்சியை, பிடித்திருக்கும் ஹோல்டருக்குப் போகும்; மற்றது வேலைப்பொருளைக் கவ்வும் எர்த் கிளாம்புக்குப் போகும். வீட்டு மின்கம்பியில் 230 வோல்ட் அழுத்தத்தில் சில ஆம்பியர் ஓடும். வெல்டிங் கேபிளில் நிலைமை தலைகீழ். ராடு தொடாதபோது 60 முதல் 80 வோல்ட், வில் எரியும்போது 20 முதல் 30 வோல்ட் அளவுதான். மின்னோட்டமோ 4 மி.மீ. ராடுக்கே 150 ஆம்பியரைத் தொடும். இவ்வளவு மின்னோட்டத்தைச் சுமந்துகொண்டே நாள் முழுதும் இழுபடவும் மிதிபடவும் வேண்டியது இந்தக் கேபிள்.

தமிழ்நாட்டில் பற்றவைப்புத் தொழில் செறிந்த இடம் திருச்சி. 1960களில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை அங்கே எழுந்தபின், தஞ்சாவூர்ச் சாலையில் திருவெறும்பூர், துவாக்குடி வட்டாரத்தில் சிறிய, நடுத்தர ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெருகின. பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் 1975இல் திருச்சியிலேயே அமைந்தது. இத்தகைய பட்டறையில் ஃபிட்டர் தகடுகளைப் பொருத்தி நிறுத்துவார், வெல்டர் பற்றவைப்பார், கிரைண்டர் பிசிறைத் தேய்ப்பார், ஹெல்பர் எல்லோருக்கும் கை கொடுப்பார். கேபிளை இழுத்துப் போடுவதும் மாலையில் சுருட்டி வைப்பதும் பெரும்பாலும் ஹெல்பரின் வேலை. கேபிளின் குறை முதலில் அவர் கையில்தான் படுகிறது.

பட்டறைத் தரை கேபிளுக்கு இரக்கம் காட்டுவதில்லை. வெட்டிய தகட்டின் கூர்விளிம்பு உறையைக் கிழிக்கும். தெறிக்கும் கசடும் கிரைண்டரின் பொறியும் அதைச் சுடும். எண்ணெய் பட்டால் மட்டமான ரப்பர் உப்பிப் பிசுபிசுக்கும். தள்ளுவண்டிச் சக்கரம் ஏறினால் உள்ளே இழைகள் அறும். ஹோல்டரை ஒட்டிய முதல் ஓரிரு அடி நீளம் இடைவிடாமல் வளைவதால், அந்த இடமே முதலில் தேய்ந்துபோகும்.

இத்தனையையும் தாங்குவதற்கேற்பவே கேபிளின் உள்ளமைப்பு வகுக்கப்பட்டிருக்கிறது. கடத்தி ஒற்றைக் கம்பியன்று. தலைமுடி போன்ற மெல்லிய இழைகளை முறுக்கிய கொத்து. 0.2 மி.மீ. தடிமனுள்ள இழையாக இருந்தால், பட்டறையில் ‘50 ஸ்கொயர்’ எனப்படும் 50 சதுர மி.மீ. கேபிளுக்கு ஏறத்தாழ 1,600 இழைகள் வேண்டும். கொத்தின்மேல் ஒரு மெல்லிய நாடா சுற்றப்படும். இழைகளோடு ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் அது காக்கும். முனையைச் சீவி ‘லக்’ எனும் இணைப்புத் துண்டைப் பொருத்தவும் வசதியாக இருக்கும். அதற்குமேல் ரப்பர் உறை. வெப்பம், எண்ணெய், தீ ஆகியவற்றைத் தாங்கும் செயற்கை ரப்பர் உறை கடினமான வேலைக்கு ஏற்றது.

உறைக்குள் இருப்பது வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாது. ஏமாற்று நுழைவது அந்த இடத்தில்தான். ‘50 ஸ்கொயர்’ என்று விற்கும் கேபிளில் செம்பு குறைவாக இருக்கலாம். செம்பு பூசிய அலுமினியமாகவும் இருக்கலாம். அலுமினியக் கேபிள் தன்னளவில் குற்றமானதல்ல. அலுமினியம் என்று சொல்லி, அதற்கேற்ற பருமனில் விற்கலாம். செம்பென்று சொல்லி விற்பதுதான் மோசடி. போக வர 50 மீட்டர் நீளமுள்ள 50 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் 200 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 4 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். 800 வாட் அளவு வெப்பமாகும். அதே பருமனில் அலுமினியம் இருந்தால் இழப்பு 6 வோல்ட்டைத் தாண்டும். வெப்பம் 1,200 வாட்டுக்கு மேல் போகும். கேபிள் கொதிக்கிறது, ஆர்க் நிற்கவில்லை என்று வெல்டர் சொல்வதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம். பற்றவைப்பின் தரமும் இதனால் கெடுகிறது.

உறை கிழிந்தால் ஆபத்து வேறு வகை. 80 வோல்ட் என்பது அலட்சியம் செய்யத்தக்க அளவன்று. வியர்வையில் நனைந்த உடல், ஈரக் கையுறை, சுற்றிலும் இரும்பு என்ற நிலையில், குறிப்பாகக் கொதிகலன் டிரம்முக்குள்ளோ தொட்டிக்குள்ளோ குனிந்து வேலை செய்யும்போது, அந்த அழுத்தமே உயிரைப் பறிக்கலாம். உறை நீங்கிய இழை இரும்பில் பட்டால் அந்த இடத்திலும் வில் எழும்பும். அருகில் சாக்கோ எண்ணெயோ கிடந்தால் தீப்பிடிக்கும்.

இவற்றைத் தடுக்க எழுந்ததே தரச் சான்று. இந்தியாவில் வெல்டிங் கேபிளுக்குரிய தர நிர்ணயம் ஐ.எஸ். 9857. கடத்தியின் மின்தடை, உயர் மின்னழுத்தச் சோதனை, உறையின் இழுவிசை வலிமை, சூட்டடுப்பில் வைத்து முதுமையாக்கியபின் அந்த வலிமை எவ்வளவு மிஞ்சுகிறது என்பன போன்றவை கேபிளின் தரத்தைக் காட்டும் சோதனைகள். செம்பைக் குறைத்தவரை மின்தடைச் சோதனை காட்டிக்கொடுக்கும். கழிவு ரப்பரைக் கலந்தவரை முதுமைச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

2016ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணய அமைவனச் (பி.ஐ.எஸ்.) சட்டம், பொதுநலனையும் பாதுகாப்பையும் கருதி எந்தப் பொருளுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. அதற்கான தரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்த கேபிளை உரிமமும் முத்திரையும் இல்லாமல் தயாரிக்கவோ, இறக்குமதி செய்யவோ, விற்கவோ கூடாது. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது முதல் முறை குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம் என்று அச்சட்டம் வகுத்தது. உரிமம் பெறும் ஆலையில் சோதனைக் கருவிகள் இருக்க வேண்டும். அமைவனத்தின் அலுவலர் ஆலையைப் பார்வையிடுவார். மாதிரி ஆய்வகத்தில் சோதிக்கப்படும். உரிமம் கிடைத்த பிறகும் ஆலையிலும் சந்தையிலும் மாதிரி எடுத்துச் சோதிப்பது தொடரும்.

வாங்குபவர் செய்ய வேண்டிய சோதனை எளிது. முத்திரையின் மேலே ஐ.எஸ். எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டால் உரிமதாரரின் பெயரும், உரிமம் நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும். பெயரும் பொருளும் ஒத்துவராவிட்டால் முத்திரை போலி. அதே செயலியில் புகாரும் அளிக்கலாம்.

சான்று புதிய கேபிளுக்கு மட்டுமே உறுதி தரும். கிழிந்த இடத்தில் டேப் சுற்றுவதும், இழைகளைக் கையால் முறுக்கி ஒட்டுப்போடுவதும், எர்த் கேபிளுக்குப் பதில் இரும்புச் சட்டத்தையோ பழைய கம்பியையோ வைத்துச் சமாளிப்பதும் அந்த உறுதியை அழித்துவிடும். ஒட்டு தேவையானால் காப்பிட்ட இணைப்பான் வேண்டும். எர்த் கிளாம்ப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே கவ்வ வேண்டும்; தொலைவில் கவ்வினால் மின்னோட்டம் கிரேனின் கம்பி வடத்தையும் இயந்திரங்களின் பேரிங்கையும் வழியாக்கிக்கொண்டு அவற்றைக் கெடுக்கும். ஒவ்வொரு ஷிப்டும் தொடங்குமுன் கேபிளை முழு நீளத்துக்கும் பார்த்து, பழுதான பகுதியை வெட்டி நீக்க வேண்டும்.

கேபிளை வாங்குபவர் முதலாளி, பிடிப்பவர் தொழிலாளி. தினக்கூலி வெல்டரால் கேபிளைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆகவே விலையை மட்டும் பார்க்காமல் உரிம எண்ணையும் பார்த்து வாங்கும் பொறுப்பு பட்டறை உரிமையாளருடையது. ஒப்பந்தம் தரும் பெரிய ஆலைகளும் முத்திரையுள்ள கேபிளை ஒப்பந்த நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும். பழுதான கேபிளைத் தொட மறுக்கும் ஹெல்பரின் கூலியில் கைவைக்காத பட்டறையில்தான் இந்தச் சட்டம் முழுப் பயன் தரும்.