சோப்பில் ஒரு சிக்குக் கோலம்

– மூன்றாம் ஆண்டு மாணவி, கெமிக்கல் பிரிவு

மூன்று வருடமாக உங்களிடம் ஒரு விஷயத்தை மறைத்து வந்தேன். "உங்கம்மா என்ன பண்றாங்க?" என்று யார் கேட்டாலும், "வீட்லதான் இருக்காங்க" என்பேன். அது பாதி உண்மை. அம்மா வீட்டில் இருந்தபடி சோப்பு செய்கிறார். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் ஆரம்பித்து தமிழகம் முழுக்கப் பரவியதே மகளிர் சுய உதவிக் குழு, அதில் ஒன்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலும் இருக்கிறது. அந்தக் குழுவின் சோப்புதான் எனக்கு பீஸ் கட்டியது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்.

போன வருடம் ஒரு தோழி ஏதோ கண்காட்சியில் வாங்கிய சோப்பைக் காட்டினாள். வெள்ளையில் நீல அலை அலையாக ஓடியது. "கையால செஞ்சதுடி! 120 ரூபாய்!" என்றாள். எங்கள் சோப்பு 30 ரூபாய். அதிலும் பாதி கடையிலிருந்து திரும்பி வந்துவிடும். அன்று சாயங்காலம் ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது, தூணைச் சுற்றிச் சுழித்து ஓடும் தண்ணீரைப் பார்த்தேன். நம்ம சோப்பிலும் இப்படி வந்தால் என்ன?

கணக்கு எனக்குத் தெரியும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கை எரியாமலிருக்க 5 சதவீதம் குறைத்து 174 கிராம் போடுவோம். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், சோடா மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தை அது அரித்துவிடும், எவர்சில்வர்தான் சரி. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இவ்வளவும் படித்தவள் ஆயிற்றே, அலை வராமலா போகும்?

வரவில்லை! கலவை தண்ணீராக இருக்கும்போதே அவுரி நீலத்தையும் மஞ்சளையும் ஊற்றி, ஈர்க்குச்சியால் கிண்டு கிண்டென்று கிண்டினேன். மறுநாள் எல்லாம் ஒரே சேற்று நிறம். மஞ்சள் வேறு சிவந்து போயிருந்தது. அம்மா சிரித்தார். "ஆலம் கரைக்கிறப்ப மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா சிவக்காதா? மூணு வருஷமா என்னத்தடி படிச்ச?"

இரண்டாவது தடவை வாசனைக்குக் கிராம்புத் தைலம் விட்டேன். அது கலவையைச் சட்டென்று இறுக்கிவிடும் என்று அப்போது தெரியாது. அடை மாவு போல் கெட்டியாகி, குச்சி உள்ளேயே போகவில்லை. குழுவின் பணத்தில் வாங்கிய எண்ணெய் இரண்டு கிலோ வீண். "படிச்ச பொண்ணு செஞ்சது" என்று ஒரு அக்கா சொன்னார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

மூன்றாவது தடவை அம்மாவும் கூட உட்கார்ந்தார். நிதானமாக இறுகட்டும் என்று கடலை எண்ணெயும் சேர்த்தோம். சோடா அளவை நான் மறுபடி கணக்குப் போட்டேன். அம்மா கரண்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். சொட்டிய கலவை மேலே கோடாக நின்று, மெதுவாக மறைந்தது. "இட்லி மாவுக்கும் தோசை மாவுக்கும் நடுப் பதம். இப்ப ஊத்து!"

வெள்ளை, நீலம், இப்போது தெரிந்தே போட்ட சிவப்பு மஞ்சள் என்று மாற்றி மாற்றி ஊற்றினேன். உயரத்திலிருந்து ஊற்றினால் நிறம் ஆழத்துக்கு இறங்குகிறது, தாழ்த்தி ஊற்றினால் மேலேயே நிற்கிறது. பிறகு சட்டை மாட்டும் ஹேங்கர் கம்பியை அச்சின் நீளத்துக்கு வளைத்து, அடிவரை விட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்தேன். மேல்பக்கத்தில் அம்மா ஈர்க்குச்சியால் சிக்குக் கோலம் போல ஒரே இழையாக வளைத்தார். "இன்னும் கொஞ்சம்மா!" என்றேன். "போதும். எப்ப கையை எடுக்கணும்னு தெரியணும்டி."

மறுநாள் வெட்டினால், ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு அலை!

பிரான்சின் மார்சே நகரில் அந்தக் காலத்தில் காய்ச்சிய சோப்பில் நீல வரிகள் தாமாகவே ஓடுமாம். எடை கூட்டத் தண்ணீர் சேர்த்தால் நிறம் அடியில் படிந்துவிடும். அதனால் வரி இருந்தால் நயமான சரக்கு என்று நம்பி வாங்கினார்கள். அலை வெறும் அழகு இல்லை, பதம் சரியாக இருந்தது என்பதற்குச் சாட்சி. என் கணக்கு இல்லாவிட்டால் அந்தச் சோப்பு கையை எரித்திருக்கும். அம்மாவின் பதம் இல்லாவிட்டால் அது சேறாகியிருக்கும்.

நான்கு வாரம் உலர்ந்தபின் ஒரு துண்டை அந்தத் தோழியிடம் கொடுத்தேன். "அய்யோ, எங்கடி வாங்கின?" என்றாள்.

"எங்கம்மா செஞ்சது."

இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆனது.