சம்ப் கட்டின கதை (கீழ்வீட்டு மாமிக்கு சமர்ப்பணம்)

டிஸ்கி: வீட்டுல மீன் தொட்டி இல்லாதவங்களும் படிக்கலாம். நடுவுல கொஞ்சம் கணக்கு வரும், பயந்து ஓடிடாதீங்க :-)

எங்க ஹால்ல இருக்கற தொட்டி ஆறடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம். 24 கன அடி. லிட்டர்ல சொன்னா சுமார் 680, அத்தனையும் உப்புத் தண்ணி. கண்ணாடி, பாறை எல்லாம் சேர்த்தா ஒரு டன்னை நெருங்கும். வர்றவங்க கோமாளி மீனைப் பார்த்து "ஐ, நீமோ!"ன்னு சொல்லி ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஒருத்தர்கூட தொட்டிக்குக் கீழ இருக்கற மரக்கதவைத் திறந்து பார்த்ததில்லை. தொட்டியோட உசுரே அந்தக் கதவுக்குப் பின்னாலதான் இருக்கு.

அங்க இருக்கறதுக்குப் பேரு சம்ப். நம்ம சென்னை வீடுகள்ல மெட்ரோ வாட்டர் நிரம்பற சம்ப் இல்லைங்க, இது குட்டி. மேல் தொட்டியில ஒரு மட்டத்துக்கு மேல போற தண்ணி குழாய் வழியா இதுல விழும். அழுக்கு பிரியும். மோட்டார் திரும்ப மேல ஏத்திவிடும். நாள் பூரா இதே வேலை.

மோட்டார் நின்னா என்ன ஆகும்? இதை யோசிக்காதவங்க கட்டின சம்ப்தான் முதல்ல எங்க வீட்டுக்கு வந்துச்சு. தொட்டியோட சேர்த்து ஒரு கடைக்காரர் கொடுத்த கண்ணாடி சம்ப். பார்க்க அழகா இருந்தது. விளிம்பு வரைக்கும் தண்ணி நிக்கணும்னு அவரே கோடு போட்டுக் கொடுத்தார். 2022 கோடையில ஒரு ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் போச்சு. மோட்டார் நின்னுது. மேல இருந்த தண்ணி தன் பாட்டுக்குக் கீழ இறங்கிச்சு. சம்ப்ல இடம் இல்லை. ஹால்ல குளம். காலையில கீழ்வீட்டு மாமி கதவைத் தட்டி, "என்னப்பா, எங்க சீலிங்குல கடல் வருது? தொட்டுப் பார்த்தா உப்புக் கரிக்கறது"ன்னாங்க. பாவம், போன வருஷம்தான் அந்த சீலிங் போட்டிருந்தாங்க. சாயங்காலம் அசோசியேஷன்ல இருந்து கடிதம். தங்கமணி ஒண்ணும் கத்தலை. "இன்னொரு சொட்டு கீழ இறங்குச்சுன்னா தொட்டி வீட்டை விட்டுப் போகுது"ன்னு நிதானமா சொன்னா. கத்தியிருந்தா பரவாயில்லைன்னு இருந்தது.

அன்னிக்கு உக்காந்து போட்ட கணக்கு இது. ஆறடிக்கு ரெண்டடி பரப்புன்னா ஒரு செ.மீ. தண்ணிக்கு 11 லிட்டர். மோட்டார் நின்னதும் மேல எத்தனை செ.மீ. இறங்கும்? தண்ணி வழியற பல்லு மாதிரி வெட்டுக்கு மேல நிக்கற ரெண்டு செ.மீ. கண்டிப்பா இறங்கும். அதோட ரிட்டர்ன் குழாயோட வாய் எவ்வளவு ஆழத்துல முங்கி இருக்கோ அதுவரைக்கும் சைஃபன் ஆகி இறங்கும். பழைய அமைப்புல அந்த வாய் ஒரு ஜாண் ஆழத்துல இருந்தது. அதாவது 200 லிட்டருக்கு மேல, மாமி வீட்டுக்கு! அதனால குழாயை மேல தூக்கி, தண்ணி மட்டத்துக்குச் சற்றுக் கீழ காத்து இழுக்கற மாதிரி ஒரு ஓட்டை போட்டேன். மட்டம் ஓட்டைக்கு இறங்கினதும் காத்து உள்ளே போய் சைஃபன் அறுந்துடும். ஒருவழி வால்வு வாங்கி மாட்டுங்கன்னு சொல்வாங்க. கடல் தண்ணியில அதை நம்பாதீங்க. சுண்ணாம்பு படியும், நத்தைக் குஞ்சு போய் உக்காரும், என்னிக்கு மூட மறுக்கும்னு அதுக்கே தெரியாது. ஓட்டையையும் அப்பப்போ குத்திவிடணும்தான், ஆனா அது கண்ணுக்கு எதிர்ல இருக்கு.

ஆக, மேலிருந்து நாலு செ.மீ., குழாயில நிக்கறது, எல்லாம் சேர்த்து 58 லிட்டர்னு வந்துச்சு. புது சம்ப் 120 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். ஓடும்போது தண்ணி 23 செ.மீ.தான் நிக்கணும். மிச்சம் 22 செ.மீ. சும்மா காலி. அதுல 118 லிட்டர் பிடிக்கும், வர்றதுக்கு ரெண்டு பங்கு இடம். "இவ்வளவு இடத்தை வீணாக்கறீங்களே"ன்னு கேட்ட நண்பருக்கு மாமியோட நம்பரைக் கொடுத்தேன்.

அக்ரிலிக் எதுக்குன்னா, உள்ள தடுப்பு, குழாய்க்கு ஓட்டை, ஸ்கிம்மருக்கு உருளை எல்லாம் ஒரே பொருள்ல ஒண்ணா ஆயிடணும்னு ஆசை. கண்ணாடியை விட எடை பாதிக்கும் குறைவு. ஷீட் வாங்கும்போது வார்ப்பு ஷீட்டான்னு கேட்டு வாங்கணும். உருக்கி இழுத்த ஷீட் விலை கம்மி, ஆனா அறுக்கும்போது ரம்பத்துல பிசின் மாதிரி ஒட்டும், ஒட்டுற இடத்துல நாளாக ஆக நூல் நூலா விரிசல் விடும்.

ஒட்டறதைக் கத்துக்கிட்டது பெயர்ப்பலகை செய்யற ஒரு பாய் கிட்ட. நாப்பது வருஷமா அக்ரிலிக்ல எழுத்து வெட்டறவர். பசை டியூபை எடுத்துக் காட்டினேன். சிரிச்சார். "தம்பி, இதை ஒட்டக் கூடாது. கரைச்சு சேர்க்கணும். ரெண்டு ஷீட்டும் ஒரே ஷீட் ஆயிடணும்." அவங்க எல்லாரும் வழிவழியா உபயோகிக்கறது குளோரோஃபார்ம், தண்ணி மாதிரி இருக்கும். ஓரத்தை ரம்பக் கோடு தெரியாம சமமா சீவணும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா ஓரம் உருண்டுடும், உருண்ட இடத்துல குமிழி நிக்கும். பளபளப்புக்காக நெருப்பு காட்டவே கூடாது, காட்டின ஓரம் பிற்பாடு விரியும். படுத்திருக்கற ஷீட்டு மேல மெல்லிசு கம்பிகளை வரிசையா வச்சு, அதுக்கு மேல ஷீட்டை நிறுத்தி, இடைவெளியில ஊசி வழியா திரவத்தை விட்டா தானா ஓடி நிரம்பும். முக்கால் நிமிஷம் பொறுத்து கம்பிகளை ஒவ்வொண்ணா உருவணும். ஷீட் தன் எடையிலயே உக்காரும். "அமுக்காதே தம்பி, அமுக்கினா ஜூஸ் வெளிய போயிடும்." பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறது இருக்கே, அறுக்கறதை விடக் கஷ்டம். சரியா வந்த மூட்டு கண்ணுக்கே தெரியாது. வெள்ளையா குமிழி தெரிஞ்சா அந்த இடத்துல காத்து இருக்குன்னு அர்த்தம்.

ஒரு விஷயம் மட்டும் சீரியஸா. குளோரோஃபார்ம் ஈரலுக்குக் கெடுதல், புற்றுநோய் சந்தேகமும் உண்டு. ஆவி காத்தை விட கனம், மூடின ரூம்ல தரையோட தேங்கும். மொட்டை மாடியில, காத்து முதுகுப் பக்கம் வர்ற மாதிரி நின்னுதான் செஞ்சேன். சாதாரண நைட்ரைல் கையுறை அதைத் தாங்காது, சீக்கிரமே ஊடுருவிடும். பிளாஸ்டிக் சிரிஞ்சுல இருக்கற கறுப்பு ரப்பரும் உப்பி நின்னுடும், கண்ணாடி சிரிஞ்சு உத்தமம். வெளிநாட்டுல இதே வேலைக்கு உபயோகிச்ச மெத்திலீன் குளோரைடை 2024-ல அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை வீட்டு உபயோகத்துக்குத் தடை பண்ணி ஆணை போட்டாங்க. பாய் கிட்ட சொன்னேன். "எனக்கு இருமல் வர்றப்பவே தெரியும்"னார். அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை.

அடுத்தது ஸ்கிம்மர். 2019 டிசம்பர்ல மெரினா பக்கம் நாலு நாள் கரை பூரா நுரை நின்னுதே, குழந்தைங்க எல்லாம் அதுல விளையாடி, ஆபத்துன்னு எச்சரிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? கழிவு கலந்த கடல் தண்ணியில காத்து புகுந்தா நுரை வரும். மீனோட கழிவுல இருக்கற புரதத்துக்கு ஒரு முனை தண்ணியை விரும்பும், இன்னொரு முனை வெறுக்கும், அதனால குமிழியோட தோல்ல போய் ஒட்டிக்கும். உப்புத் தண்ணியில குமிழிங்க ஒண்ணோட ஒண்ணு சேராம பொடிசாவே இருக்கும், அதான் இந்த வித்தை நல்ல தண்ணித் தொட்டியில பலிக்காது. எட்டு அங்குல உருளைக்குள்ள பொடிக் குமிழியை நிரப்பி, மேல கழுத்தைக் குறுக்கிட்டா நுரை ஏறி கப்புல விழும். அழுகி அம்மோனியா ஆகறதுக்கு முன்னாடியே வெளிய. கழுத்தை மூட்டற இடத்துல நைலான் திருகாணி போட்டேன், ஸ்டீல்னா உப்புல துரு ஏறும். முதல் ரெண்டு வாரம் நுரையே வரலை. புது ஸ்கிம்மர் அப்படித்தான், உள்சுவர் கொஞ்சம் வழவழப்பு ஏறினதும் ஒழுங்காச்சு. இப்ப தினம் அரை டம்ளர் டிகாஷன் மாதிரி வருது. வாசனையைப் பத்திக் கேக்காதீங்க.

(பவளம் வச்சிருக்கியான்னு கேப்பீங்க. கல் பவளம் எல்லாம் 2001-லயே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணைக்குப் போயாச்சு, வாங்கறதும் குத்தம், விக்கறதும் குத்தம். மன்னார் வளைகுடாவுல சுண்ணாம்புக்காக வண்டி வண்டியா வெட்டினதுக்கு அப்புறம் அந்தச் சட்டம் ரொம்ப நியாயம். எங்கிட்ட இருக்கறது காளான் மாதிரி விரியற வகையும் ஜோவாந்தஸும். பாறை சிமென்ட்டும் சிப்பித்தூளும் சேர்த்து நானே வார்த்தது.)

சம்ப்பை மூணு நாள் மாடியில தண்ணி நிரப்பி வச்சுட்டுத்தான் கீழ கொண்டு வந்தேன். மாட்டின அன்னிக்கு மாமியையும் கூப்பிட்டு, அவங்க கையாலயே மெயினை ஆஃப் பண்ணச் சொன்னேன். தண்ணி ஏற ஏற மாமி டேப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. கணக்குல 11 செ.மீ., நிஜத்துல 12. நின்னுது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ எங்க தெருவுல ரெண்டு நாள் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் சின்ன பம்பை ஒரு நாள் ஓட்டிச்சு. அப்புறம் மேல் தொட்டித் தண்ணியை சொம்பால மொண்டு உயரத்துல இருந்து ஊத்தினோம், காத்து கலக்கணுமே. நானும் தங்கமணியும் முறை போட்டுக்கிட்டு, மணிக்கு ஒரு தடவை. ரெண்டு மீன் போச்சு. தரையில ஒரு சொட்டு இல்லை. கரண்ட் வந்ததும் ஸ்கிம்மரை உடனே போடலை. சம்ப்ல மட்டம் ஏறி இருக்கும்போது போட்டா நுரை பொங்கி கப்பையும் தாண்டும். மெயின் மோட்டார் ஓடி மட்டம் இறங்கினப்புறம், கால் மணி கழிச்சுத்தான். அதுக்கு இப்ப ஒரு டைமர் மாட்டியாச்சு.

பாய் கடையில மிச்ச ஷீட் துண்டு கிடக்கு. தானா நல்ல தண்ணி சொட்டற மாதிரி ஒரு டாங்க் கட்டலாம்னு இருக்கேன். வெயில் காலத்துல தினம் எட்டு லிட்டர் ஆவியாகுது, குடம் தூக்கி முடியலை.