எட்டும் உயரம்

கை கழுவச் சொல்லி அம்மா எந்தப் பிள்ளையையும் அதட்டி நான் பார்த்ததில்லை. தென்காசிப் பக்கம் ஒரு ஊரில் பால்வாடி டீச்சராக இருந்தாள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்த பிறகு, மதியத்தில் அந்த ஓட்டுக் கட்டடம் கொள்ளாது. எல்லாம் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள். மூக்கு ஒழுகும்; விரலிடுக்கெல்லாம் மண். அம்மா சாப்பாட்டுத் தட்டுகளை உள்மூலையில் அடுக்கிவைத்தாள். அங்கே போகிற வழியில் குட்டையான ஒரு திண்டு, அதன்மேல் தண்ணீர்ப் பானை, பக்கத்தில் ஆணியில் தொங்கும் பழைய வலைப்பைக்குள் ஒரு சோப்புக் கட்டி. திண்டைத் தாண்டாமல் தட்டை எடுக்க முடியாது. ஆயாம்மா செம்பில் மொண்டு ஊற்ற, எல்லோரும் பார்க்க முதலில் அம்மா கழுவுவாள். பிறகு யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழம்பு கொதிக்கும் வாசனை வந்ததுமே இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு வரிசை நின்றுவிடும்.

ஆச்சி வீட்டிலும் அப்படித்தான். வாசற்படியை ஒட்டித் தொட்டியும் செம்பும் இருந்தன. கால் கழுவாமல் உள்ளே ஏறுவது எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் காலில் செருப்பு கிடையாது. கொக்கிப்புழுவின் குட்டிகள் ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாகவே உடம்புக்குள் புகுந்துவிடும். வீட்டுக்கு வந்து கழுவுவதற்குள் அது நடந்து முடிந்திருக்கும். சோகை பிடித்து வெளுத்த முகங்கள் அப்போது வகுப்பில் எத்தனையோ. இன்று அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள், நல்லது. அதோடு வாசலில் பிள்ளையின் செருப்புக்கென்று ஓர் இடமும் வேண்டும்.

பல் தேய்ப்பதைத்தான் நாங்கள் சரியாகக் கற்கவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் பல்பொடி, ஆள்காட்டி விரல், காலையில் ஒரு தடவை. அவ்வளவுதான். இப்போது பேரனுக்கு ராத்திரியில் பல் தேய்த்துவிடுவது என் பொறுப்பு. தூங்கும்போது, பல்லைக் காக்கும் எச்சில் ஊறுவது குறைந்துவிடும். அதனால் ராத்திரி தேய்ப்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பட்டாணி அளவு பேஸ்ட், இரண்டு நிமிடம். முதலில் அவன் தேய்ப்பான், பிறகு நான். ஏழெட்டு வயது வரைக்கும் பிள்ளைகளுக்கு மணிக்கட்டு அந்த அளவுக்கு வளைந்து கொடுக்காது. "தானே தேய்க்கட்டும், அப்போதுதான் பழகும்" என்று விட்டுவிடுகிற பெற்றோரிடம் இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஆறு வயது வாக்கில், பால்பல் எதுவும் விழாமலேயே, வரிசைக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல். பால்பல்தானே என்று நினைத்து எத்தனை வீட்டில் அதைச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள்!

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நள்ளிரவில் திரும்பினோம். பேரன் தோளிலேயே தூங்கிவிட்டான். "ஒரு நாள் விட்டா போதும்மா, பழக்கமே போயிரும்" என்று மகள் கலங்கினாள். போகாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு செயல் தானாக வருகிற நிலையை எட்டச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள் ஆகும் என்ற கணக்கும் அதில் உண்டு. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெடவில்லை. ஆய்வில் இருந்தவர்கள் பெரியவர்கள்தான். இருந்தாலும், பலர் சொல்வதுபோல மூன்று வயதுப் பிள்ளையிடம் இருபத்தோரு நாளில் எல்லாம் படிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

அந்த ஆய்வில் அவர்கள் ஒரு செயலைத் தினமும் ஒரே நேரத்தோடோ இன்னொரு வேலையோடோ முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பதுபோல. அதைப் படித்தபோது அம்மாவின் திண்டுதான் நினைவுக்கு வந்தது. சோறு, அதற்கு முன் தண்ணீர், அதற்கு முன் வரிசை. பிள்ளை எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இடம் அதற்குப் பதிலாக நினைவில் வைத்திருந்தது. ஸ்டிக்கர், நட்சத்திரம், சாக்லேட் எதுவும் அங்கே இல்லை. பரிசு கொடுத்துப் பழக்குவதில் எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை.

இப்போது நான் இருக்கும் பகுதியில் புதிதாக ஓர் அங்கன்வாடி கட்டியிருக்கிறார்கள். சுவரெல்லாம் யானையும் மயிலும் வரைந்து அழகாக இருக்கிறது. கை கழுவும் பேசின் மட்டும் பெரியவர்களுக்கான உயரத்தில், 80 சென்டிமீட்டருக்கும் மேலே. மூன்று வயதுப் பிள்ளை ஏறக்குறைய 95 சென்டிமீட்டர்தான் இருக்கும். பேசின் விளிம்பு அதன் கழுத்துக்கு வருகிறது. ஆயாம்மா ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிக் கழுவிவிடுகிறார். "எல்லாரையும் தூக்க முடியலக்கா, சில நாள் ஈரத்துணியில தொடச்சு விட்டுர்றேன்" என்றார். தரையிலிருந்து ஒன்றரை அடியில் இன்னொரு குழாய் வைக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். அது வரும்வரை, வழுக்காத அகலமான பலகைப் படி ஒன்றைத் தச்சரிடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து நிற்கிற அளவுக்கு.