பழைய கார்டில் ஒரு விமானப் பயணம்

"சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்பார்கள் பெரியவர்கள். துரும்பு பல் குத்தும், சரி. ஏறக்குறையப் பத்தாண்டு பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று ஆகாய விமானம் ஓட்டுமா? ஓட்டும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் எங்கள் கண்ணாலேயே கண்டோம். அந்தக் கதையை நம் ஆண்டு மலரில் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நாங்கள் என்றால் அக்காவும் தம்பியுமாக இருவர். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மாமா, தமக்குப் புதிய கம்ப்யூட்டர் வாங்கியதும் பழையதைக் கிறிஸ்துமஸ் பரிசாக எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு விளையாட்டையும் வாங்கிப் பதித்துக் கொடுத்தார். அம்மா உடனே சட்டம் போட்டுவிட்டார்கள். பள்ளி நாட்களில் பெட்டியைத் தொடக்கூடாது. ஞாயிறு என்றால் பூசை முடிந்து வந்த பிறகு ஒரு மணி நேரம். சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு ஒன்றுகூட வீட்டுக்குள் வரக்கூடாது. மூன்றுக்கும் சரி என்று தலையாட்டினோம்.

மாமா தந்த விளையாட்டின் பெயர் மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர். 1982-ஆம் ஆண்டிலேயே தொடங்கிய வரிசை இது. எங்களிடம் உள்ளது 2020 ஆகஸ்டில் வெளிவந்த பதிப்பு. பிரான்சு நாட்டின் போர்தோ நகரிலுள்ள அசோபோ ஸ்டூடியோ இதை உருவாக்கியது. இதில் எதிரியும் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. உலகம் முழுவதும் உள்ள 37,000 விமான நிலையங்களில் எதிலிருந்தும் கிளம்பிப் பறக்கலாம். செயற்கைக் கோள் படங்களை வைத்துப் பூமி முழுவதையும் அமைத்திருக்கிறார்கள். நம் ஓமலூரை அடுத்த கமலாபுரம் விமான நிலையமும் அதில் இருப்பதைக் கண்டு நாங்கள் துள்ளிக் குதித்தோம்.

துள்ளியது வீண். கமலாபுரத்தில் விமானத்தை நிறுத்தி விசையை அழுத்தினால், அது மாட்டு வண்டி பள்ளத்தில் இறங்குவதுபோல் விட்டுவிட்டு நகர்ந்தது. திரையின் மூலையில் 12 என்ற எண் தெரிந்தது. விநாடிக்கு 12 படங்கள்தாம் வருகின்றன என்று அதற்குப் பொருள். சினிமாவிலேயே விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. பாதிதான் எங்களுக்குக் கிடைத்தது. மேலே எழும்புவதற்குள் விமானம் ஓடுபாதையை விட்டு வெளியேறிப் புல்லில் புகுந்தது. "கார்டு பழசு, அக்கா. தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றான் தம்பி.

இந்தக் கார்டு என்ன செய்கிறது என்பதைச் சற்றுச் சொல்லிவிடுகிறோம். கம்ப்யூட்டர் திரை என்பது சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆன கோலம். அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 என்றால் மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கணக்கிட்டு, விநாடிக்கு முப்பது முறையாவது கோலத்தை அழித்து அழித்துப் போட வேண்டும். ஒருவர் உட்கார்ந்து போட்டால் முடியாது. ஆகவே கார்டுக்குள் நூற்றுக்கணக்கான சிறு கணக்குப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். எங்களிடம் உள்ள என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற கார்டு 2016 அக்டோபரில் வெளிவந்தது. விலை குறைந்த வகையைச் சேர்ந்தது. அதில் 768 கணக்குப் பிள்ளைகள், 4 ஜிபி நினைவகம். 2022-இல் அதே நிறுவனம் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 4090-இல் 16,384 பேர் இருக்கிறார்கள், நினைவகம் 24 ஜிபி! யானைக்கு முன்னால் எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டி.

ஆனால் யானைக்குத் தீனியும் அதிகம். அந்தப் பெரிய கார்டு 450 வாட் மின்சாரம் கேட்கும். எங்களுடையதற்கு 75 வாட் போதும். தனியாக மின் கம்பிகூட வேண்டாம், சொருகிய இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பழைய அலுவலகக் கம்ப்யூட்டரிலும் அது அடக்கமாக உட்கார்ந்துவிடுகிறது. இந்த விளையாட்டுக்குக் குறைந்த அளவுத் தேவை என்று அவர்களே குறித்திருப்பது ஜிடிஎக்ஸ் 770. எங்கள் கார்டு வேகத்தில் அதற்கும் ஒரு பிடி குறைவு.

கார்டு மூலையில் கிடந்திருக்கும். எங்கள் அம்மாயிதான் அதற்கு வேலை கொடுத்தார்.

அம்மாயி என்பது எங்கள் அம்மாவின் தாயார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. முழங்கால் வலியால் வாசற்படி இறங்குவதே பெரும்பாடு. நாங்கள் தடுமாறுவதைக் கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்த அவர், "ஏங்கண்ணு, இந்த ஏரோப்ளேன் பண்ணவாடிக்குப் போவுமா?" என்று கேட்டார்.

பண்ணவாடி என்பது மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையில் கொளத்தூர்ப் பக்கம் உள்ள ஊர். 1925-இல் தொடங்கிய அணை வேலை 1934-இல் முடிந்தது. 120 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேங்கியபோது ஆற்றோரத்து ஊர்கள் பல முழுகிப் போயின. மக்கள் மேட்டு நிலங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். சலகண்டேசுவரர் கோயிலும், இரட்டைக் கோபுரம் கொண்ட ஒரு கிறிஸ்தவ ஆலயமும் தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டன. அணையில் நீர் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் நந்தி சிலையும் ஆலயக் கோபுரமும் வெளியே தெரியும். அப்படித் தெரிந்தால் செய்தித்தாளில் படம் வரும். பலர் பார்த்திருப்பீர்கள்.

அம்மாயியின் தாயார் சிறுமியாக இருந்தபோது செபம் சொன்னது அந்த ஆலயத்தில்தான் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அம்மாயி சிறுமியாக இருந்தபோது ஒரு வறட்சி ஆண்டில் தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு, வெடித்துக் கிடந்த சேற்றில் நடந்து போய் அந்தச் சுவரைத் தொட்டிருக்கிறாராம். "எங்காத்தா செவுத்துல மொகத்த வச்சு அழுதா. ஏன் அழுவறேன்னு அப்பத் தெரியல" என்று சொல்வார். இப்போது நடந்து போகக் காலில்லை. ஆகவே விமானத்தில் போகலாமா என்கிறார்.

அதற்குமேல் கார்டைத் தூக்கிப் போடுவதாவது! "அடுத்த வாரம் கூட்டிப் போகிறோம், அம்மாயி" என்று வாக்குக் கொடுத்துவிட்டோம்.

முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்தோம். மேச்சேரிப் புழுதியும் மேச்சேரி வெயிலும் உங்களுக்குத் தெரியாததல்ல. கார்டின் விசிறியில் பஞ்சு மெத்தை போலத் தூசி படிந்திருந்தது. மின் இணைப்பை நீக்கிவிட்டு, வண்ணம் தீட்டும் மெல்லிய தூரிகையால் துடைத்தோம். சூடு ஏறினால் கார்டு தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் கார்டு சோம்பேறியல்ல, பாவம், மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

இரண்டாவதாக, எதை விடலாம் என்று பட்டியல் போட்டோம். இந்த விளையாட்டில் மேகம், நிழல், மரம், நீரில் தெரியும் எதிரொளி என்று ஒவ்வொன்றுக்கும் உயர்வு, நடுத்தரம், தாழ்வு என அளவுகள் உண்டு. மாமா தம் புதுக் கம்ப்யூட்டர் நினைப்பில் எல்லாவற்றையும் உயர்வில் வைத்துவிட்டார் போலும். மேகத்தைத் தாழ்த்தியதும் எண் நான்கு கூடியது. நிழலைத் தாழ்த்தியதும் மேலும் கூடியது. கட்டடங்களின் மேற்பூச்சுப் படங்களை நடுத்தரமாக்கினோம். ஏனென்றால் 4 ஜிபி நினைவகம் நிரம்பி வழிந்தால், கார்டு ஒவ்வொரு பொருளையும் கம்ப்யூட்டரின் பொது நினைவகத்திலிருந்து கேட்டு வாங்கும். கைக்கு எட்டும் அடுப்படி அலமாரியை விட்டுக் கொல்லைப்புற அறைக்கு ஓடி ஓடிச் சமைப்பது போன்றது அது. அதனால்தான் படம் விக்கி விக்கி நின்றது.

மூன்றாவதுதான் பெரிய தந்திரம். கோலத்தையே சிறிதாகப் போடச் சொன்னோம். 1,280-க்கு 720 என்றால் 9,21,600 புள்ளிகள். வேலை பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. சிறிய படத்தைத் திரை அளவுக்குப் பெரிதாக்கி, விளிம்புகளைக் கூர்மையாக்கித் தர ஒரு முறை இருக்கிறது. எஃப்எஸ்ஆர் என்று பெயர். ஏஎம்டி என்ற நிறுவனம் 2021-இல் வெளியிட்டது. இதில் எங்களைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. ஏஎம்டி, என்விடியாவுக்குப் போட்டி நிறுவனம். ஆயினும் அந்த முறை போட்டியாளரின் பழைய கார்டுகளிலும் வேலை செய்யும்படி விட்டிருக்கிறார்கள். நோக்கம் வியாபாரமாகவே இருக்கட்டும். பயன் எங்களைப் போன்றவர்களுக்கும் வந்து சேர்ந்தது.

கடைசியில், விநாடிக்கு 30 படங்களுக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு கட்டினோம். சில நேரம் 40, சில நேரம் 20 என்று அலைபாய்வதைவிட, நிலையான 30 கண்ணுக்கு இதமாக இருக்கிறது. தாவித் தாவி ஓடுகிறவளைவிட ஒரே சீராக நடக்கிறவள் முன்னே போய்ச் சேர்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்து வந்து, அம்மாயியை நாற்காலியில் திரைக்கு நேரே உட்கார வைத்தோம். செஸ்னா 152 என்ற இரண்டு இருக்கை விமானத்தைத் தேர்ந்தெடுத்தோம். கமலாபுரத்தில் அது ஒழுங்காக ஓடி மேலே எழும்பியது. மேற்கே திரும்பினோம். சற்று நேரத்தில் நம் மேச்சேரி வந்தது. தெருக்கள் எல்லாம் சரியாக இருந்தன. வீடுகள் மட்டும் சரியில்லை. ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் தெரியும் கூரைகளைக் கொண்டு இயந்திரமே ஊகித்துக் கட்டிய வீடுகள் அல்லவா? பத்ரகாளியம்மன் கோயில் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு கட்டடம் நின்றது. பேர்பெற்ற மேச்சேரிச் செம்மறி ஆடு ஒன்றுகூட இல்லை. "ஆடில்லாத மேச்சேரியா?" என்று அம்மாயி சிரித்தார்.

பத்து நிமிடத்தில் மேட்டூர் அணை. அதைத் தாண்டி வடக்கே திரும்பினோம். கீழே நீலமாகத் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். அம்மாயி முன்னால் சாய்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எங்க கண்ணு கோயிலு?" என்று கேட்டார்.

எங்கள் நெஞ்சு திக்கென்றது. இவ்வளவு வேலை செய்த நாங்கள் ஒன்றை யோசிக்கவேயில்லை. விளையாட்டில் உள்ளது வெறும் நீர்ப்பரப்புதான். அதில் கோபுரம் எங்கிருந்து வரும்? தம்பி காதோடு காதாக, "அந்த மேட்டைக் காட்டி அதுதான் கோயில் என்று சொல்லிவிடலாம், அக்கா. அம்மாயிக்குக் கண் சரியாகத் தெரியாது" என்றான். உண்மையைச் சொல்லிவிடுகிறோம், ஒரு நிமிடம் எங்கள் இருவருக்குமே அந்த ஆசை வந்தது. தாழ்ந்த அளவில் ஓடும் படத்தில் எதையும் எதுவென்றும் சொல்லலாம். ஆனால் அந்தச் சுவரைக் கையால் தொட்டவரிடம் போய் எப்படிச் சொல்வது?

"கோயில் தெரியாது அம்மாயி. எல்லாம் தண்ணிதான். மன்னிச்சுக்கோங்க" என்றோம்.

அம்மாயி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "அதுக்கு ஏஞ்சாமி மன்னிப்பு? கோயிலு தெரியற வருசம் ஊரு காஞ்சு கெடக்கும். கஞ்சிக்கு வழியிருக்காது. நாங்க போயிப் பாத்த வருசம் ஆடு மாடெல்லாம் செத்துச்சு. கோயிலு தெரியாம இருந்தா ஊரு நல்லா இருக்குதுன்னு அர்த்தம். மெதுவா ஒரு சுத்துச் சுத்து" என்றார்.

நாங்கள் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினோம். அம்மாயியின் கையில் செபமாலை நகர்ந்துகொண்டிருந்தது. நிழல் இல்லை, மேகம் இல்லை, கரையோர மரங்கள் பச்சைப் பொட்டுகளாகத்தான் இருந்தன. அவர் எதையும் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த கோபுரத்தை வரைய எங்கள் கார்டுக்கு மட்டுமல்ல, அந்த 16,384 பேருக்கும் முடியாது.

எங்கள் கார்டுக்கும் வயதாகிவிட்டது. புதிய விளையாட்டுகளுக்கேற்ற மென்பொருள் திருத்தங்களை அந்த வரிசைக் கார்டுகளுக்கு வழங்குவதை 2025 அக்டோபருடன் என்விடியா நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை உண்டாம். இனி வரப்போகும் புது விளையாட்டுகள் இதில் ஓடாமல் போகலாம். அதற்காக இதுவரை ஓடியது இல்லையென்று ஆகிவிடுமா?

தோழியரே! புதுப் பொருள் வாங்கித் தரும்படி நாம் பெற்றோரை நச்சரிக்கிறோம். கேட்கும் முன், கையில் இருப்பதைத் தூசி தட்டிப் பார்த்தோமா, எது தேவை, எதை விடலாம் என்று யோசித்தோமா என்று ஒருமுறை பார்ப்போம். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் போதாது என்றுதான் சீடர்களும் முதலில் நினைத்தார்கள்.

பொதுத் தேர்வு நெருங்குவதால் கம்ப்யூட்டருக்கு இப்போது துணி உறை போட்டு மூடிவிட்டோம். தேர்வு முடிந்த மறு ஞாயிறு மீண்டும் பறப்பதாக அம்மாயிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். அன்றும் கோயில் தெரியாமல், தண்ணீர் தளும்பி நிற்க வேண்டும் என்பதே எங்கள் செபம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, மேச்சேரி