மீளுதலே கலை
1974இல் அமெரிக்காவில் தோன்றிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டை ஆட மாணவர் எம்மையும் அழைத்தனர். ஒருவர் கதை நடத்த, ஏனையோர் பாத்திரமேற்றுப் பகடை உருட்டுவர். யாம் ஏற்றது ‘துரூயிட்’ என்னும் வனப்பூசகர் பாத்திரம். 2014ஆம் ஆண்டு விதிநூற்படி, இரண்டாம் படிநிலையில் அவர் ஒரு மணி நேரம் விலங்குருக் கொள்ளலாம். அறிவு மாறாது, ஆயின் மந்திரம் ஓதவியலாது.

ஓநாயாகிப் பொருதோம். போர்க்களிப்பில், அருகே வீழ்ந்த தோழனை மறந்தோம். மனிதவுருவிற்கு மீண்டிருப்பின் காயமாற்றும் மந்திரத்தை ஓதியிருக்கலாம். அவன் மாண்டான். அப்பாத்திரத்தைப் பலநாள் சிந்தித்துப் புனைந்த மாணவன் ஒன்றும் பேசாது தன் தாளை மடித்தான்.

அடுத்த முறை எலியாகிக் கதவிடுக்கில் நுழைந்து, பகைவர் தொகையறிந்து, உடனே மீண்டு தோழர்க்கு உரைத்தோம்.

கூடுவிட்டுக் கூடு பாய்தல் எளிது. காலமறிந்து மீளுதலே கலை. வகுப்பறையிற் சினவுருக் கொள்ளும் எமக்கு இப்பாடம் வேண்டியதே.