வசனம் இல்லாத பாத்திரங்கள்

குடியரசு நாள் விழாவில் வரலாற்று மன்றத்தின் சார்பில் பத்தாம் வகுப்பு மாணவியர் நாடகம் ஒன்று நடத்துவது எங்கள் பள்ளியின் வழக்கம். பொதுத்தேர்வு நெருங்குகிறதே என்ற பயம் ஒரு புறம் இருந்தாலும் நாடகம் என்றால் எங்களுக்குக் கொள்ளை ஆசை. “இந்த ஆண்டு வேறு நாட்டு ஜனவரி 26-ஐ நடியுங்களேன்” என்றார் வரலாறு கற்பிக்கும் சிஸ்டர். நாங்கள் விழித்தோம். நாம் கொடியேற்றி மிட்டாய் வாங்கும் அதே நாள்தான் ஆஸ்திரேலியாவின் தேசிய தினமும் என்பதை அன்றுதான் அறிந்தோம். 1788-இல் அந்த நாளில்தான் ஆங்கிலேயர் சிட்னித் துறையில் தம் கொடியை நாட்டினர்.

நூலகத்தில் புத்தகங்களைப் புரட்டினோம். அந்நாளில் இங்கிலாந்தின் சிறைகள் நிரம்பி வழிந்தன. பழைய கப்பல்களின் உடல்களை ஆற்றில் நிறுத்தி அவற்றிலும் கைதிகளை அடைத்தனர். அமெரிக்கா கைவிட்டுப் போனபின் அவர்களை அனுப்ப வேறு இடமும் இல்லை. ஆகவே 1787 மே 13 அன்று 11 கப்பல்கள் போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. அவற்றில் 700-க்கும் மேற்பட்ட கைதிகள் இருந்தனர். கடற்பயணம் எட்டு மாதத்திற்கும் மேலாக நீண்டது.

அவர்களுள் ஒருத்தி எலிசபெத் ஹேவர்டு. தண்டனை பெற்றபோது அவளுக்கு வயது 13. ஒரு கவுனையும் ஒரு பட்டுத் தொப்பியையும் திருடினாள் என்பது குற்றம். அதற்கு ஏழாண்டு நாடு கடத்தல்! இதைப் படித்ததும் எங்களில் சிலர் கண் கலங்கினோம். கதாநாயகி கிடைத்துவிட்டாள் என்று மூன்று காட்சிகளை ஒரே மாலையில் எழுதி முடித்தோம். நீதிமன்றம், கப்பல், கொடியேற்றம். கடைசிக் காட்சியின் ஓரத்தில், “பழங்குடிகள் ஆறு பேர். கையில் ஈட்டி. முகத்தில் கரி. வசனம் இல்லை” என்று குறித்திருந்தோம்.

சிஸ்டர் முழுவதையும் படித்தார். அந்தக் குறிப்பின்மேல் விரலை வைத்து, “இந்த ஆறு பேரும் ஊமைகளா, பிள்ளைகளே?” என்று மட்டும் கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுபடியும் நூலகம் சென்றோம். அந்தத் துறைக்கு வாரான் என்று பெயர் இருந்தது. அது காடிகல் குலத்தாரின் பூமி. வந்தவர்கள் அவர்களோடு ஒப்பந்தம் செய்யவில்லை, விலை கொடுக்கவுமில்லை. பெரிய வலை வீசி அவர்கள் உண்ணும் மீனை வாரினர். கைதிகள் சிலர் அவர்களுடைய ஈட்டிகளையும் தூண்டில்களையும் திருடினர். 1789 ஏப்ரலில் பெரியம்மை பரவியது. குகைகளிலும் கடற்கரையிலும் பிணங்கள் கிடந்தன. பாதிப் பேர் மாண்டனர் என்று பென்னலாங் என்பவர் ஆளுநர் பிலிப்பிடம் சொன்னார்.

எங்கள் கண்ணீருக்குரிய கைதிகளா இவர்களுக்குத் தீங்கு செய்தார்கள்? வகுப்பில் பெரிய வாக்குவாதம் எழுந்தது. “அவர்களாக விரும்பியா வந்தார்கள்?” என்றது ஒரு கட்சி. “பசித்தவன் பசித்தவனிடம் பறிக்கலாமா?” என்றது மறு கட்சி. மணி அடித்தும் முடிவு கிடைக்கவில்லை.

எங்களை அமைதியாக்கியது 1791-இல் நடந்த ஒரு நிகழ்ச்சி. டாரிங்கா என்னும் பழங்குடிப் பெண்ணின் மீன்பிடி கருவிகளைத் திருடிய கைதிக்கு அவர்கள் கண்முன்னேயே கசையடி கொடுத்தார்கள். அதைக் கண்டு அவர்கள் மகிழவில்லை. பொருளைப் பறிகொடுத்த டாரிங்காவே கண்ணீர் விட்டாள். பாரங்காரு என்பவள் ஒரு கோலைப் பிடுங்கிக்கொண்டு, அடித்தவனையே அடிக்கப் பாய்ந்தாள். கைதிக்காக இரங்கியவர்கள் அவர்கள்தாம். அவர்களுக்குத்தான் நாங்கள் வசனம் எழுதாமல் விட்டிருந்தோம்!

இன்னொருத்தியையும் கண்டோம். பட்யகராங் என்ற அந்தப் பெண்ணுக்கு ஏறக்குறைய எங்கள் வயதுதான். வில்லியம் டாஸ் என்ற படை அதிகாரிக்கு அவள் தன் மொழியைக் கற்றுக் கொடுத்தாள். உங்கள் மக்களுக்கு ஏன் கோபம் என்று அவர் கேட்டபோது, வெள்ளையர் இங்கே வந்து குடியேறியதால்தான் என்றும், துப்பாக்கிகளுக்கு அஞ்சுகிறார்கள் என்றும் தெளிவாகச் சொன்னாள். டாஸ் எழுதிய குறிப்பேடுகள் லண்டனில் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1972-இல் வெளிச்சத்திற்கு வந்தன. அம்மக்களின் வழிவந்தோர் இன்று தம் மொழியை மீட்பதற்கு அவையே துணை. அவற்றில் ‘புடுவா’ என்று ஒரு சொல் உண்டு. நெருப்பில் கையைக் காய்ச்சி, அந்தச் சூட்டோடு இன்னொருவர் விரல்களை மெல்லப் பற்றி அழுத்துவது என்பது அதன் பொருள். ஈட்டி மட்டும் கொடுத்து நாங்கள் நிறுத்தி வைத்த மக்களிடம் இப்படியொரு சொல் இருந்தது.

நாடகத்தைப் புதிதாக எழுதினோம். கரியை விட்டுவிட்டோம். எலிசபெத் இருந்தாள். டாரிங்காவும் பாரங்காருவும் பட்யகராங்கும் பேசினார்கள். 1868 வரை ஏறத்தாழ 1,60,000 கைதிகள் அந்நாட்டிற்கு அனுப்பப்பட்டதையும், 1938 ஜனவரி 26 அன்று பழங்குடித் தலைவர்கள் சிட்னியில் கூடித் துக்க நாள் அனுசரித்ததையும், யாருக்கும் உரிமையில்லாத நிலம் என்ற பழைய வாதத்தை 1992-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தள்ளியதையும் அறிவிப்பாளர் சொன்னாள்.

கடைசிக் காட்சியில் எலிசபெத்தும் பட்யகராங்கும் நெருப்பருகே அமர்ந்தார்கள். இருவரும் அப்படிச் சந்தித்ததாக வரலாறு சொல்லவில்லை. அது எங்கள் ஆசை மட்டுமே என்பதையும் அவையோரிடம் சொல்லிவிட்டோம். சிவப்புக் காகிதத்துக்குள் வைத்த விளக்கு பாதியில் அணைந்து போயிற்று. ஆனாலும் பட்யகராங்காக நடித்த எங்கள் தோழி பதறவில்லை. கையை நீட்டி எலிசபெத்தின் விரல்களைப் பற்றினாள். அவையில் ஓசையே இல்லை.

துன்பப்பட்டவரும் பிறரைத் துன்புறுத்தக்கூடும் என்பதையும், பறிகொடுத்தவரும் இரங்கக்கூடும் என்பதையும் நாங்கள் அந்த நாடகத்தில் கற்றோம். தேர்வுக்கு அது வராமல் போகலாம். ஆனால் இனி எந்த வரலாற்றைப் படித்தாலும், வசனம் இல்லாமல் ஓரத்தில் நிற்பவர் யார் என்றுதான் முதலில் தேடுவோம்.