பால் வெள்ளைக் குட்டி

மதுரையில் இருக்கும் என் மைத்துனிக்கு ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டி வேண்டுமாம். "பால் மாதிரி வெள்ளை, ரோஜா நிற மூக்கு, ஒரு பொட்டுக் கறை கூடாது" என்று கட்டளை. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இப்போது இத்தனை நிபந்தனை போடுவதில்லை!

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரையிலிருந்து நானும் என் மனைவியும் காரில் கிளம்பினோம். திருமங்கலம் தாண்டியதும் கரிசல் பூமி விரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுர தரிசனமும் ஆயிற்று, பால்கோவாவும் ஆயிற்று. (வண்டி எதற்காக நின்றது என்று கேட்காதீர்கள்.) சுமார் 85 கிலோமீட்டர் வந்து, வலப்புறம் மலைத் தொடர் நெருங்கி நிற்கும் இடத்தில் ராஜபாளையத்தை அடைந்தோம்.

அந்தக் காலத்தில் காட்டுப் பன்றி வேட்டைக்குப் போன ஜாதி நாய் இது. 2005இல் தபால் தலையிலும் ஏறிவிட்டது. நாங்கள் போன வீட்டில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கிறார்கள். முற்றத்தில் ஆறு வாரக் குட்டிகள் ஏழு, ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று, அப்பப்பா, தும்பைப்பூதான்! கண் திறந்து பார்த்தது, நீல விழி.

"ஏங்க, இதுதான்!" என்றாள் மனைவி.

வீட்டு அம்மாள் சிரித்தார். "அது விலைக்கு இல்லேம்மா. கொஞ்சம் பொறு" என்று உள்ளே போய்த் தாம்பாளமும் கரண்டியும் கொண்டு வந்தார். குட்டிகள் மறுபடி கண் அயர்ந்ததும், சுவருக்குப் பின்னால் நின்று ஒரே தட்டு. ஆறு குட்டிகள் துள்ளி எழுந்தன. நீல விழிக்காரி மட்டும் அசையவில்லை.

"தரையிலே தட்டக் கூடாது, தம்பி. அதிர்ச்சியிலே செவிட்டுக் குட்டியும் எழுந்திடும். பார்க்கிறவங்க ஏமாந்து போவாங்க" என்றார் என்னிடம்.

வெண்மைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? மதுரைச் சுங்குடிச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளையாக நின்றுவிடுகிறது அல்லவா? கரு வளரும்போது நிறம் தரும் அணுக்கள் முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பி உடல் முழுவதும் பரவுகின்றன. அவை போய்ச் சேராத தோல் வெள்ளையாகிறது. உட்காதுக்கும் அவை போக வேண்டும். அங்கே அவற்றுக்கு நிறம் பூசுவதைவிடப் பெரிய வேலை உண்டு. அவை இல்லாவிட்டால், ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் பிறந்த சில வாரங்களிலேயே மடிந்துவிடுகின்றன. புள்ளி போட்ட டால்மேஷியன் நாய்களிடம் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவற்றில் சில, ஒரு காது மட்டும் கேளாதவை. அவை தாம்பாளத்துக்கு எழுந்துவிடும்; மின் கருவி வைத்துச் சோதித்தால்தான் தெரியும். குறை தெரியாமல் அவற்றுக்குக் குட்டி போடவிட்டால் அது வம்சத்தில் இறங்கும்.

அம்மாளின் பேரன் கல்லூரியில் படிக்கிறவன். கைபேசியில் ஒரு பாம்பைக் காட்டி எங்களைக் குலைநடுங்க வைத்தான். "ஆப்பிரிக்கா மலைப்பாம்பு, ஸார். பயந்தால் பந்து மாதிரி சுருண்டுக்கும்." இயல்பில் பழுப்பும் கறுப்புமாக இருக்கும் அதை, மேல்நாட்டார் கலர் கலராக இனம் பெருக்குகிறார்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய கோடு போட்ட ரகம் 1999இல் வந்தது. பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் தலை ஆடும். இரையைக் கொத்தினால் குறி தவறும். சோதித்ததில் அதன் உட்காதும் உருக்குலைந்திருந்ததாம்.

"எங்க மாமியார் காலத்திலே கறை உள்ள குட்டியைப் பிறந்தன்னிக்கே தண்ணியிலே போட்டுடுவாங்க. வாங்குறவங்க வெள்ளையைத்தானே கேட்டாங்க?" என்றார் அம்மாள். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நாங்களும் வெள்ளைதானே கேட்டு வந்தோம்!

"இதை என்ன செய்வீங்க, அம்மா?"

"எங்கிட்டேயே இருக்கும். வெளியே விட்டா லாரி ஹாரன் கேட்குமா அதுக்கு? குட்டி போடவும் விடமாட்டேன். கையைக் காட்டினா வரப் பழக்கிட்டேன்." உள்ளங்கையை விரித்தார். நீல விழிக்காரி தள்ளாடி ஓடி வந்து அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தாய்ப்பால் மறக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றதால், முன்பணம் கொடுத்துத் திரும்பினோம். மறுபடி போய் எடுத்து வந்தது காதில் பிஸ்கட் நிறம் தேய்த்தாற்போல் இருந்த குட்டியை. வழியெல்லாம் எந்த பஸ் ஹாரனுக்கும் அது கூடைக்குள் குரைத்தே தீர்த்தது.

மைத்துனி கூடையைத் திறந்தாள். காதை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, இது குளிப்பாட்டினால் போயிடுமா?"